வெண்கலப் பலகைக்கு ஒரு தகப்பன்

சிகாகோ மாநகரின் சகல குடிமக்களுக்கும், கடல் கடந்து ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கும், இனிமேல் பிறந்து ஆடப்போகிறவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: உலகையே ஆட்டிவைத்த ஹவுஸ் என்னும் நடன இசையைப் பெற்றெடுத்தவர் யார் என்பதைப் பாரம்பரியக் குழு வருகிற செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஒருமனதாகத் தீர்மானிக்கும். சிற்றுண்டி உண்டு.

லவெல் பெட்டிக்ரூ சிற்றுண்டிக்காகப் போகவில்லை. முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். உட்கார்ந்த இடத்தில் கால் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். அன்று இரண்டு கால்களும் மிதித்தன. மடியில் ஒரே ஒரு இசைத்தட்டு.

அந்த இசை முதலில் ஒலித்த லேன்டர்ன் நடன கிளப் இருந்த இடத்தில் இப்போது நாய்களுக்கு முடிவெட்டுகிறார்கள். அந்தச் சுவரில் ஒரு வெண்கலப் பலகை மாட்டப்போகிறார்கள். அதில் ஒரு பெயருக்குத்தான் இடம். அது அங்கே இசைத்தட்டுப் போட்ட கார்னெல் ஃபான்ட்ராயின் பெயராக இருக்க வேண்டும் என்பதுதான் லவெலின் ஆசை. கார்னெல் செத்து முப்பத்து நாலு வருடம். எந்த நோயில் செத்தான் என்பதை அவனுடைய அப்பா, சபைப் போதகர், அடக்க ஆராதனையில் சொல்லவில்லை. ஏழு வருடம் அவனோடு குடும்பம் நடத்திய லவெலின் பெயரையும் சொல்லவில்லை.

குழுத் தலைவி டாக்டர் விட்கம்ப் பலகையின் வாசகத்தைப் படித்தார். "பல்வகை இளைஞர்கள் ஒன்றுகூடி மகிழ்ந்த தலம்..."

"பல்வகையா?" பின்வரிசையிலிருந்து வெர்லீன் கேட்டாள். லேன்டர்னில் வாசல் காத்தவள். எழுபது வயதிலும் குரல் வாசலிலேயே நிற்கும். "கறுப்புப் பசங்க டாக்டரம்மா. அதுலயும் ஆம்பளையும் ஆம்பளையும் கட்டிப்புடிச்சு ஆடின பசங்க. அதை எழுதுனா வெண்கலம் கறுத்துருமா?"

"எல்லாரையும் உள்ளடக்கிய சொல்லாக இருக்கட்டும் என்றுதான்..."

"உள்ளடக்கி அடக்கிப் பொதைச்சுட்டீங்களே."

ஆர்டெல் ஸ்டாலிங்ஸ் எழுந்தார். வெள்ளை கோட்டு, கறுப்புக் கண்ணாடி, நிலவறையில். இருபது வருடமாக ஐரோப்பாவில் தம்மை இந்த இசையின் தகப்பன் என்று சொல்லி விமான டிக்கெட் வாங்கி வருபவர்.

"சின்ன விஷயத்துக்குச் சண்டை எதுக்கு? ஹவுஸ்னு வந்த மொதப் பாட்டே என் பாட்டு. ஊரறிஞ்சது."

"எந்த ஊருடா அறிஞ்சுது?" லவெல் எழுந்துவிட்டார். "எங்க சமையல்கட்டுல, ஓட்டை டிரம் மெஷினை வச்சு கார்னெல் செஞ்சதுடா அது. நீ அப்ப ஷூ கடையில பொண்ணுங்க கால் அளந்துட்டிருந்த."

"ஆதாரம்?" என்றார் டாக்டர். "பெயர் எழுதிய ஏதாவது ஒன்று. இல்லையென்றால் திரு. ஸ்டாலிங்ஸிடம் பத்திரிகைப் பேட்டி இருக்கிறது."

"அவனே குடுத்த பேட்டி!"

"அச்சில் இருக்கிறது."

லவெல் அந்தப் பாட்டு இருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். லேபிளில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் பெயர் இருந்தது. ஆர்டெல் சிரித்தார்.

"சிரிக்காத. நீயும் ஒட்டினவன்தான்" என்றாள் வெர்லீன். என்ன தட்டு போடுகிறோம் என்று எதிர் கிளப்காரன் மேடையில் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதென்று, உண்மை லேபிள் மேல் வேறு லேபிளை ஒட்டாத டி.ஜே. அந்தக் காலத்தில் கிடையாது. இத்தனை வருடம் லவெல் அதைக் கிழிக்காமல் வைத்திருந்தார். கார்னெல் கைப்பட ஒட்டியது.

காப்பிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து லேபிளை ஆவியில் காட்டினார்கள். தட்டை வெர்லீன் பிடித்துக்கொண்டாள். பாடகர் குழு உரிந்தது. அடியில் போலந்துக்காரர்களின் போல்கா நடனத் தட்டின் லேபிள்.

"கார்னெல் போல்காவும் கண்டுபுடிச்சானா?" என்றார் ஆர்டெல்.

அதுவும் உரிந்தது. அடியில் வெறும் வெள்ளைக் காகிதம், நீல மை, கார்னெலின் சாய்ந்த கையெழுத்து. டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்:

"ஆக்கம்: லவெல் பெட்டிக்ரூ. 1984."

லவெலின் கால்கள் நின்றன.

"தப்பு," என்றார். "இது தப்பு. நான் எதுவும் செய்யல."

வெர்லீன் அவர் காதருகே குனிந்தாள். "லவெலு, அவன் அப்பன் யாருன்னு மறந்துட்டியா? லேன்டர்ன் தட்டுல தன் பேரைப் போட்டா மறுநாளே சபையை விட்டே தொரத்தியிருப்பான் அந்தாளு. உனக்கு அப்பனும் கெடையாது, சபையும் கெடையாது. உன் பேருக்குப் பின்னால போய் ஒளிஞ்சிருக்கான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

டாக்டர் விட்கம்பின் முகம் மலர்ந்திருந்தது. கையெழுத்து, தேதி, ஆதாரம்! ஆர்டெல் அரை நிமிடம் யோசித்துவிட்டு லவெலின் தோளில் கைபோட்டார். "நான் அப்பவே சொல்லல? இவன்தான். நாந்தான் சொல்லிக்குடுத்தேன்."

"கார்னெல்னு போடுங்க," என்றார் லவெல். "டாக்டரம்மா, கால்ல வேணா விழுறேன்."

"ஆவணத்தை மீற எனக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் மறுத்தால் அடுத்த ஆவணம் திரு. ஸ்டாலிங்ஸின் பேட்டி. நாலு மணிக்கு வாசகம் வார்ப்படச் சாலைக்குப் போக வேண்டும்."

மூன்று ஐம்பத்திரண்டு. லவெல் ஆர்டெலைப் பார்த்தார், ஈரத் தட்டைப் பார்த்தார், எழுந்து கதவு வரை போனார், திரும்பி வந்தார். மறுபடி போனார். பேனாவை வெர்லீன் நீட்டினாள். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பலகை மே மாதம் மாட்டப்பட்டது. மேயர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, 'ஹவுஸ் இசையின் தந்தை லவெல் பெட்டிக்ரூ' என்று கைதட்டலுக்கிடையே வாசித்தார். அந்த இசைக்கு லவெல் செய்ததெல்லாம் கார்னெலின் தட்டுப் பெட்டிகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான்.