கையுறை அனுப்பாத வீடு

கெசியா பெட்டியிலிருந்த வெள்ளைக் கையுறைகளை அள்ளி மடியில் போட்டபோது, கட்டிலில் கிடந்த அப்பா கண் திறந்தார்.

"அனுப்பாத."

"அப்புறம் தூக்க யாருப்பா வருவா?"

"நான் கையெழுத்துப் போட்டது. நானே மீறினா ஊர் சிரிக்கும். சத்தியம் பண்ணு."

பண்ணினாள். விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

கனெக்டிகட்டின் அந்தச் சிற்றூரில் சாவுக்கு அழைப்பு என்றால் கையுறைதான். வீட்டுக்கு ஒரு ஜோடி வரும். வராமல் போவது மானக்கேடு. போன வருடம் மாகாணப் பிரதிநிதியாகப் பிலடெல்பியா மாநாட்டுக்குப் போன கெசியாவின் அப்பா அசஹேல் த்ரால், அங்கே வாய் திறந்ததாக யாரும் கேள்விப்படவில்லை. இங்கிலாந்துச் சரக்கு வேண்டாம், சாவு வீட்டில் கையுறை கொடுக்கும் ஆடம்பரமும் வேண்டாம் என்ற தீர்மானத்தில் மற்றவர்களோடு கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். வாழ்நாளில் செய்த பெரிய காரியம் அது ஒன்றுதான்.

மதியம் வரை வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. ஜூலை வெயிலில் உடல் தாங்காது. இளவட்டங்கள் இங்கிலாந்துப் படையை எதிர்த்துப் பாஸ்டன் பக்கம் போருக்குப் போயிருந்தார்கள்.

"அனுப்பித் தொலைடி," என்று அம்மா அழுதாள். "செத்தவருக்குத் தெரியவா போகுது?"

கெசியாவுக்கு அப்பா மேல் ஆத்திரமாக வந்தது. வெறுங்கையோடு பக்கத்துப் பண்ணைக்கு ஓடினாள். கிடியன் லூமிஸ் படியில் உட்கார்ந்திருந்தார்.

"கையுறை வரலையேம்மா. எங்கள வேண்டாம்னுட்டீங்கன்னு நெனச்சோம்."

"கொடுக்கக் கூடாதுன்னு அப்பா கையெழுத்துப் போட்டாரே மாமா."

"ஊருக்குப் போட்டாரு. தன் சாவுக்குமா?"

"அதுக்குந்தான். வாங்க மாமா, கெஞ்சிக் கேக்குறேன்."

அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தொப்பியை எடுத்தார்.

மாலைக்குள் இன்னும் இரண்டு கிழவர்கள் வந்தார்கள். அதற்கு மேல் ஆளில்லை. சவப்பெட்டியின் நாலாவது மூலையைக் கெசியா பிடித்தாள்.

அவசரத்தில் அடித்த பெட்டி, இழைக்காத பலகை. மேட்டில் ஏறும்போது உள்ளங்கைத் தோல் உரிந்தது. பின்னால் வந்த அம்மா மேலங்கிக்குள்ளிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்கடி."

கெசியா அதை வாங்காமல் பெட்டியின் மூலையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.