மீன் என்று காதில் விழுந்தது

எங்கள் மகள் தங்கமணி 1924இல் பிளேக்கில் இறந்தாள். அவளுடைய ஒரே படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி, இரங்கூனின் லான்மடாப் பகுதியில் படக்கடை வைத்திருந்த ஜப்பானியர் ஒகாவாவிடம் போனேன். படம் காயும்வரை அவர் எனக்கு ஆறுதலாக ஒரு கதை சொன்னார். இருவருக்கும் பொதுமொழி பர்மியம். இருவருமே அதைக் கடைத்தெருவில் கற்றவர்கள்.

ஒரு மீன். அதன் பிள்ளையை வெள்ளம் கொண்டுபோயிற்று. ஆண்டுதோறும் ஆறு பெருகும் நாளில் கரையோரம் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிடும். அவ்வளவுதான் கதை.

அப்போது இரங்கூன் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் நான் எழுதிவந்தேன். "ஜப்பான் தேசத்துப் பழங்கதை" என்று தலைப்பிட்டு அதை எழுதினேன். மீனைத் தாய்மீன் ஆக்கினேன். என் மனைவி தைலம்மாள் பட்ட பாட்டை வீட்டில் பார்த்துக்கொண்டிருந்ததால், முடிவில் பிள்ளையைத் திரும்பி வரவைத்தேன். வாசகர்களுக்குப் பிடித்துப்போயிற்று. புத்தகமாகப் போடலாம் என்றார் ஆசிரியர்.

எங்கள் பத்திரிகையில் அச்சுக்கோக்கும் அப்துல் சமது, பர்மியம் நன்றாகப் பேசுவார். ஒகாவாவிடம் கதையைப் புகழ்ந்து சொல்லப் போனவர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"அண்ணே, மீனுமில்ல மானுமில்ல! கெடுத்தீங்க போங்க!"

"என்ன பாய்?"

"'ங்கா'ன்னு அழுத்தி இழுத்தா மீன். தணிஞ்சு சொன்னா 'நான்'. அந்த மனுசன் தன் மவன் ஆத்தோட போனதச் சொல்லியிருக்காரு. நீங்க குழம்பு வச்சிட்டீங்க."

பர்மிய வினைச்சொல் ஆளுக்கு ஏற்ப மாறாது. அதனால் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அன்றே ஒகாவாவிடம் ஓடினேன். அடுத்த இதழில் உண்மையை எழுதிவிடுகிறேன், புத்தகத்திலும் சேர்க்கமாட்டேன் என்றேன். அவர் வெகுநேரம் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கதையில அவன் திரும்பி வந்தானா?"

"வந்தான். அது நானாகச் சேர்த்தது."

"அப்ப இருக்கட்டும். பழைய கதைன்னே இருக்கட்டும். ஆனா தாய்னு போடாதீங்க. அவன் கையை விட்டது நான்."

புத்தகத்தில் தந்தைமீன் என்று திருத்தினோம். தைலம்மாள் முன்பு பத்திரிகையில் வந்ததை வெட்டி வைத்திருந்தாள். இரண்டையும் படித்துவிட்டு, "தாயை ஏங்க எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

ஒகாவாவின் மகனைப் பற்றி அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

"அப்ப அது அவரோடது," என்று சொல்லி, வெட்டி வைத்த தாளை என்னிடம் கொடுத்துவிட்டாள்.