பொன்னுத்தாய் காட்டுக் காற்று

காட்டில் நட்டிருந்த கம்பத்திலிருந்து கடைசிக் குழாயைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் ஷாலினி மேரி அந்த மக்காச்சோளத்தைப் பயிராகப் பார்த்தாள். ஆடியிலிருந்து தை வரை பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வந்துபோனவள்தான். வருவாள், வெள்ளைக் கூண்டுக்குள் தொங்கும், காற்றைப் பிடித்து வைக்கிற சுண்டுவிரல் நீளக் குழாயைக் கழற்றுவாள், புதுசு மாட்டுவாள், குன்னத்துக்கு ஓடிப் பஸ் பிடிப்பாள். நடுவில் பயிர் வெளிறிக் கிடந்தது கண்ணில் படாமல் இல்லை. மானாவாரிக் காடு, மழை சரியில்லை போல என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். வரதராஜன்பேட்டை வாத்தியார் வீட்டுப் பெண்ணுக்கு அதற்குமேல் என்ன தெரியும்? ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் ராசாங்கத்தின் காட்டில் இன்று அறுவடை. ஆளை மறைக்கிற உயரத்துக்குத் தட்டை, முழங்கை நீளத்துக்குக் கருது, டிராக்டர் நிரம்பி வழிந்தது. அதே வானம், அதே மழை. இந்தப் பக்கம் பொன்னுத்தாயின் சோளம் இடுப்பு தாண்டவில்லை.

அவளுக்குப் பயம் பிடித்தது. பயிருக்காக அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். தன் கணக்குக்காக.

காற்றில் அம்மோனியா எவ்வளவு இருக்கிறது என்று வானத்திலிருந்து ஒரு செயற்கைக்கோள் அளந்து சொல்கிறது. அது சொல்வது மெய்யா என்று தரையில் வைத்துப் பார்ப்பதுதான் ஷாலினியின் ஆராய்ச்சி. ரெட்டிபாளையத்தில் ஒரு கம்பம், கல்லங்குறிச்சியில் ஒன்று, குன்னத்துக்கு இந்தக் காட்டில் ஒன்று. முதல் இரண்டிலும் வானமும் தரையும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அம்மோனியாவைக் கிளப்பும் யூரியாவும் ஆட்டுக்கிடையும் உள்ள குன்னத்தில்தான் அளவு எகிற வேண்டும். வானத்தில் எகிறியது, தரையில் பாதிகூட வரவில்லை. செயற்கைக்கோள் கூட்டிச் சொல்கிறது என்று அவளுடைய பேராசிரியர் பிரசாத்துக்கு ஒரே குஷி. டெல்லி வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வந்தார். அந்தக் கட்டுரை அச்சானால்தான் ஷாலினி பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். இன்னுமா படிக்கிற என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் கேட்காத வாய் பாக்கியில்லை. அப்பா அந்தக் கேள்விக்குப் பயந்து இப்போதெல்லாம் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போகிறார்.

பொன்னுத்தாய் தண்ணிச் செம்போடு வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், தனி ஆளாகக் காட்டைப் பார்க்கிறவள். பயிர் ஏன் இப்படி இருக்கிறது, உரம் வைக்கவில்லையா என்று ஷாலினி மெதுவாகக் கேட்டாள். கேட்கும்போதே இல்லை என்று சொல்லிவிடாதே தாயே என்று உள்ளே வேண்டிக்கொண்டாள்.

"எப்புடி பாப்பா வைப்பேன்? பொட்டி இருக்குல்ல" என்று கம்பத்து வெள்ளைக் கூண்டைக் காட்டினாள்.

கம்பம் நட்ட அன்று பிரசாத் சார், காத்துல என்ன கெடுதல் இருக்குன்னு இது கண்டுபுடிச்சிடும்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரிய மனுஷர், எளிமையாகச் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. சாயங்காலமே ராசாங்கம் வரப்பில் நின்று, ஒங்காடு நாறுதான்னு மோந்து பாக்க பொட்டி வச்சிருக்காங்க, ஊர்லயே ஒன்னோடதாப் பாத்துப் புடிச்சிருக்காங்க என்று நாலு பேர் சிரிக்கச் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான், பொன்னுத்தாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. வருஷா வருஷம் உரத்துக்காக ஆட்டைக் கொண்டுவந்து கிடை போடுகிற கீதாரியை இந்தத் தடவை வேறு காட்டைப் பார் என்று திருப்பி அனுப்பினாள். பயிர் வளர்ந்ததும் வைக்க வேண்டிய யூரியாவை வைக்கவே இல்லை. வாங்கின மூட்டையையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். பொண்ணு பார்க்க வருகிற நாளில் வாசலைக் கூட்டித் தெளித்து வைப்பது போல ஆறு மாதம் காட்டைச் சுத்தமாக வைத்திருந்தாள்.

ஷாலினி வேப்பமரத்தடிக்குப் போய்ப் பிரசாத்தைப் போனில் கூப்பிட்டாள். செயற்கைக்கோள் குன்னம் வட்டாரம் முழுக்கப் பார்த்தது, நாம் யூரியாவே வைக்காத ரெண்டு ஏக்கரில் கம்பத்தை நட்டு வானத்தைப் பொய்யாக்கியிருக்கிறோம், அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"அவங்க உரம் வைக்கலங்கறது நம்ம வேலை இல்ல ஷாலினி. கருவி வேலை செஞ்சுச்சு, அளவு வந்துச்சு. இத எடுத்துட்டா ஒன் தீசிஸ்ல என்ன இருக்கு, யோசி. கழட்டிட்டு வா."

அவள் யோசித்தாள். சத்தியமாக யோசித்தாள். ரெட்டிபாளையத்துச் சிமெண்ட் புழுதிக்கு நடுவே ஒரு கம்பம், கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பம், அதை வைத்துக்கொண்டு இன்னொரு வருஷம். பக்கவாட்டு வாசல் வழியாகப் போகிற அப்பா. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

திரும்பி வந்ததும் பொன்னுத்தாய் பரீட்சை முடிவு கேட்கிற மாதிரி முகத்தைப் பார்த்தாள். பொட்டி என்ன சொல்லிச்சு என்றாள். சுத்தம்னுதான் வந்திருக்கும்மா, இந்தப் பக்கத்துலயே ஒங்க காட்டுலதான் கொறைச்சல் என்றாள் ஷாலினி. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அதுதான் எரிந்தது. பொன்னுத்தாய் அப்படியே நிமிர்ந்தாள். வரப்போரம் போய் டிராக்டர் பக்கம் நின்ற ராசாங்கத்திடம், ஆபீஸுப் பொண்ணே சொல்லுது கேட்டுக்க என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவன் காதில் விழுந்ததோ என்னமோ, மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டான்.

கம்பத்தைப் பிடுங்க ஷாலினி கடப்பாரையை எடுத்தபோது பொன்னுத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் பாப்பா. வர்ற வெள்ளாமைக்கும் நான் வைக்காம பாத்துக்கறேன். ஒன் படிப்பு நல்லபடியா முடியட்டும்."

அந்தக் கை சொரசொரவென்று சூடாக இருந்தது. ஷாலினி கடப்பாரையைக் கீழே வைத்தாள். அழுதுவிடுவோம் என்று பயந்தாள், அழ என்ன யோக்கியதை என்றும் நினைத்தாள். வந்தது வரட்டும் என்று சொன்னாள்.

"வையுங்கம்மா. யூரியா வையுங்க, கிடை போடுங்க. எல்லாரும் எப்பவும் செய்யறத நீங்களும் செய்யணும். அதத்தான் அளக்க வந்தோம்."

பொன்னுத்தாய் பிடித்த கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கம்பத்தைப் பார்த்தாள், அப்புறம் காட்டைப் பார்த்தாள்.

"அப்ப வச்சிருக்கலாமா?"

ராசாங்கத்தின் டிராக்டர் கிளம்பி, வண்டிப்பாதையில் குலுங்கிக்கொண்டு போயிற்று. பொன்னுத்தாய் கையை விட்டுவிட்டுப் பக்கத்துத் தட்டையில் இருந்த ஒரு கருதை ஒடித்தாள். தோகையை ஒவ்வொன்றாக உரித்தாள். உள்ளே மணி பிடிக்காத சந்துகளில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டே நின்றாள்.