உங்க அம்மாவும் வந்திருக்காங்களாமே

பார்மசி கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்ததை பிரென்னா சமையலறையில் நின்றபடி கைபேசியில் பார்த்தாள். "வந்துடுச்சு" என்றாள். அப்பா ராய்ஸ் அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைகூட அவளுக்கு முழுதாக நிற்கவில்லை. மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்த அம்மா டோனியா, கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "எனக்கும் வந்திருக்கு" என்றாள். அதே கல்லூரி, அதே நாள்.

ராய்ஸ் அழுதுவிட்டார். மகளுக்காக வராத கண்ணீர் மனைவிக்காக வந்ததை பிரென்னா கவனித்தாள்.

கென்டக்கி மலைப்பக்கத்து அந்தச் சின்ன ஊரில் டோனியாவைத் தெரியாதவர்கள் இல்லை. பிரென்னா பிறந்த வருஷத்திலிருந்து அவள் அந்தக் கடையின் கவுண்டரில் உதவியாளராக நிற்கிறாள். நாற்பத்திரண்டு வயதில், மகளோடு சேர்ந்து உள்ளூர்க் கல்லூரியில் படிக்கப் போனாள். இரண்டு வருஷமும் இருவரும் ஒரே காரில் போய் வந்தார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது பிரென்னாதான். சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பி, ஒரே கணக்கை மூன்று விதமாக விளக்கி, அம்மாவின் தலை புத்தகத்தில் சாயும்வரை சொல்லிக்கொடுத்தாள். தேர்வில் பிரென்னாவுக்கு ஏ கிரேடு, அம்மாவுக்கு பி. ஆனால் தேவாலயத்துப் பெண்கள் மூடிபோட்ட பாத்திரங்களில் சாப்பாடு செய்து எடுத்துவந்தது அம்மாவுக்கு. உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த படத்தில் அம்மா நடுவில் சிரித்துக்கொண்டிருந்தாள். பிரென்னாவின் ஒரு தோளும் பாதிக் காதும் ஓரத்தில் தெரிந்தன.

அதைவிட அவளை அரித்தது வேறு ஒன்று. யார் அம்மாவின் கதையைச் சொன்னாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்: "பாவம், அந்தப் பொண்ணு வயித்துல வந்ததால அப்போ படிப்ப விட்டவ." அந்தப் பொண்ணு தான்தான் என்பது பிரென்னாவுக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று குத்தும்.

நேர்காணல் நாளில் விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள். இருவருக்கும் கறுப்பு கோட். அம்மாவுடையது பழைய துணிக்கடையில் வாங்கியது, ஆனாலும் தைத்துப் போட்டதுபோல் பொருந்தியிருந்தது. பிரென்னாவுடையது புதுசு, கழுத்தில் உறுத்தியது.

"ஏன் பார்மசின்னு கேப்பாங்கடி. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு" என்றாள் அம்மா, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மருந்தை வாங்கிட்டுப் போறவங்க நாலடி போய்ட்டுத் திரும்பி நிப்பாங்க. ஏதோ கேக்க வாயெடுப்பாங்க. எனக்குப் பதில் தெரிஞ்சாலும் நான் சொல்லக் கூடாது. 'இருங்க, பார்மசிஸ்டைக் கூப்பிடறேன்'னு சொல்லணும். வேலை இருக்குன்னு பாதிப் பேர் நிக்காமப் போய்டுவாங்க. கேக்காம போன அந்தக் கேள்வி எல்லாம் எனக்கு நெஞ்சுலயே நிக்குது. எப்படி இருக்கு?"

பிரென்னா தன் பதிலை ஒரு மாதமாக எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்திருந்தாள். அம்மா சொன்னதைக் கேட்டதும் அது காகிதப் பூ மாதிரி ஆகிவிட்டது.

"கொஞ்சம் நீளமா இருக்கும்மா" என்றாள். "அந்த நெஞ்சுல நிக்குதுங்கறதெல்லாம் வேணாம்னு தோணுது. நாடகம் மாதிரி இருக்கு."

"அப்படியா?" என்றாள் அம்மா. அதன்பின் வெகுதூரம் அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே வந்தன. பிரென்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்லூரிக் கூடத்தில் ஏறக்குறைய முப்பது பேர் கறுப்பு கோட்டில் விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே, எதிராளி எந்த ஊர், எங்கே வேலை பார்த்தவன் என்று அளந்துகொண்டிருந்தார்கள். சேர்க்கை அலுவலகத்து திருமதி பிரூயிட் எல்லாருக்கும் பேர் ஒட்டிய அட்டை கொடுத்தார். டோனியாவைப் பெற்றோர் என்று நினைத்து, "கூட வந்தவங்க உக்கார்ற இடம் மாடியிலங்க" என்றார்.

"நானும் இண்டர்வியூவுக்குத்தான் வந்திருக்கேன். இவ என் பொண்ணு" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். விறைத்துக் கிடந்த கூடம் இளகிவிட்டது. ஒரு பெண் எழுந்து வந்து அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். ஒரு பையன், "உங்களைப் பாத்ததும்தான் எனக்குப் பயமே போச்சு" என்றான். அம்மா அவனுடைய கழுத்துப் பட்டையைச் சரிசெய்து விட்டாள். பிரென்னாவிடம் யாரோ, "உனக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்" என்றார்கள். "ம்" என்றாள்.

நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு அட்டை. அதில் ஒரு சூழ்நிலை. படித்து முடித்ததும் மணி அடிக்கும், உள்ளே போக வேண்டும். மறுபடி மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். முதல் அறையில் மருந்து இன்னும் தயாராகவில்லை என்று கத்தும் கிழவராக ஒரு நடிகர். பிரென்னா பதறாமல் சமாளித்தாள். இரண்டாவதில், கூட வேலை செய்பவர் மாத்திரை திருடுவதைப் பார்த்தால் என்ன செய்வாய் என்ற கேள்வி. அதுவும் நன்றாகவே போனது. வெளியே வரும்போது அவள் உள்ளங்கையில் வியர்வைகூட இல்லை. இது என் நாள் என்று ஒரு நினைப்பு வந்தது.

மூன்றாவது அறையின் கதவில், 'நீங்கள் ஒருவருக்கு உதவிய அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று இருந்தது. உள்ளே ஒரு பேராசிரியர் முகம் மலர வரவேற்றார்.

"உங்க அம்மாவும் வந்திருக்காங்களாமே? இப்பத்தான் சொன்னாங்க."

"ஆமா சார்."

"நான் இங்க வந்து இத்தனை வருஷத்துல இப்படிப் பாத்ததே இல்ல. அவங்க கிட்டேருந்து நீங்க கத்துக்கிட்டது என்ன?"

கத்துக்கொடுத்ததே நான்தான் என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. சொன்னால் அம்மாவைக் குறைத்துப் பேசுகிற பெண்ணாகத் தெரிவோம் என்று பயந்தாள். "பொறுமை" என்றாள். அதை நீட்ட வார்த்தை கிடைக்கவில்லை. அவர் அம்மாவின் கடையைப் பற்றிக் கேட்டார், வீட்டில் யார் சமைப்பது என்று கேட்டார். தான் உதவியதைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தபோது மணி அடித்தது.

கடைசியாக, இருவர் இருவராகச் செய்யும் பயிற்சி. பேர் அட்டையின் பின்னால் ஒட்டியிருந்த வண்ணப்புள்ளி யாருக்கு யார் ஜோடி என்று காட்டும். பிரென்னாவுடையது மஞ்சள். தலை நிமிர்ந்தபோது அம்மா மஞ்சள் புள்ளி ஒட்டிய அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

மதிப்பெண் போடும் மருத்துவமனைப் பார்மசிஸ்ட் நரைத்த தாடியைத் தடவினார். "அம்மாவும் பொண்ணுமா? மாத்தவா?"

"எனக்கு ஒண்ணும் இல்லங்க" என்றாள் அம்மா. "எனக்கும்தான்" என்றாள் பிரென்னா.

நடுவில் ஒரு தட்டி. அந்தப் பக்கம் அம்மாவிடம் ஒரு படம். இந்தப் பக்கம் பிரென்னாவிடம் மரக்கட்டைகள். அம்மா சொல்லச் சொல்ல, படத்தைப் பார்க்காமலே அதேபோல் அடுக்க வேண்டும்.

"வணக்கங்க. முதல்ல பெரிய சிவப்புக் கட்டையை எடுத்து உங்களுக்கு நேரா வைங்க. அவசரமே இல்ல. வெச்சதும் சொல்லுங்க."

பிரென்னாவின் கை நின்றது. வீட்டில் "எங்கடி வெச்சுத் தொலைச்ச" என்று கேட்கும் குரல் இல்லை இது. இறுக்கமில்லாமல், காதோடு வந்து உட்காருகிற குரல். ஊரில் உள்ள எல்லாருக்கும் இருபது வருஷமாக இந்தக் குரல் கிடைத்திருக்கிறது. இருமலோடு வந்தவனுக்கு, மூட்டுவலிக்காரிக்கு, பேர் தெரியாத வழிப்போக்கனுக்கு. கால் கடுக்க நின்று இதையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டு, மிச்சம் இருந்த சிடுசிடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். இப்போது இந்தக் குரல்தான் அவளுக்கு இடம் வாங்கிக்கொடுக்கப் போகிறது. தட்டிக்கு மேலாக, அந்தப் பக்கம் நின்ற தாடிக்காரர் தலையாட்டுவது பிரென்னாவுக்குத் தெரிந்தது.

"இப்போ பச்சையை எடுத்து, சிவப்பு மேல படுக்க வைங்க."

பிரென்னா பச்சையை எடுத்தாள். நிற்க வைத்தாள்.

"வெச்சாச்சுங்களா?"

"வெச்சாச்சு."

மீதிக் கட்டைகளும் அதன்மேல் ஏறி முடிந்து தட்டியை எடுத்தபோது, படத்துக்கும் கட்டைகளுக்கும் சம்பந்தமே இல்லை. அம்மா பச்சைக் கட்டையைப் பார்த்தாள். பிறகு பிரென்னாவைப் பார்த்தாள்.

"எங்க தப்பாச்சு?" என்று கேட்டார் தாடிக்காரர்.

"என் தப்புதாங்க" என்றாள் அம்மா. "வெச்சாச்சான்னு மட்டும் கேட்டேன். எப்படி வெச்சிருக்கீங்கன்னு அவங்க வாயால சொல்லச் சொல்லியிருக்கணும். மருந்து விஷயத்துலயும் அப்படித்தான். புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க."

அவர் குனிந்து வெகுநேரம் எழுதினார். பிறகு பிரென்னா பக்கம் திரும்பினார். "நீங்க என்ன நினைக்கறீங்க?"

"அவங்க கொஞ்சம் வேகமா சொன்னாங்க" என்றாள் பிரென்னா.

அவர் ஒரே ஒரு சொல்லை எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த அம்மா, வண்டியைக் கிளப்பாமல் கேட்டாள். "பச்சையை வேணும்னுதானே நிக்க வெச்ச?"

"இல்ல."

"சரி" என்றாள் அம்மா. ரேடியோவைப் போட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிரென்னாவுக்குத் தோன்றியது.

கிறிஸ்துமசுக்கு முன்பே இடம் கிடைத்துவிட்டதென்று அம்மாவுக்குக் கடையிலேயே போன் வந்தது. கடைக்காரர் கேக் வெட்டினார். கடைக் கண்ணாடியில் 'நம்ம டோனியா' என்று எழுதி ஒட்டினார். பிரென்னாவுக்கு மறுநாள் மின்னஞ்சல் வந்தது. காத்திருப்போர் பட்டியல்.

அன்று சாப்பாட்டு மேஜையில் ராய்ஸ் வாய் தவறி, "உங்கம்மாவைப் பத்திக் கடையில ஒரே பேச்சு" என்றார்.

"நான் சொல்லிக்கொடுத்த கெமிஸ்ட்ரிப்பா அது" என்றாள் பிரென்னா.

"ஆமா. நான் இல்லன்னு சொன்னேனா?" என்றாள் அம்மா.

"ஊர்ல எல்லாருக்கும் நீ என்னால படிப்ப விட்டவ. அப்போ நான் யாரு? உன் படிப்பக் கெடுத்தவ."

"நான் யார்கிட்டயும் அப்படிச் சொன்னதில்லடி."

"நீ சொல்ல வேணாம். அவங்களே சொல்லிக்கிறாங்க. நீ சிரிச்சுட்டே கேட்டுட்டு நிக்கற."

அம்மாவின் முகம் சிவந்தது.

ராய்ஸ் கரண்டியை வைத்தார். "டோனியா, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். நீ ஒரு வருஷம் தள்ளிப்போட்டா..."

"மாட்டேன், ராய்ஸ். அவ அழுதாலும் மாட்டேன்."

பிரென்னா எழுந்து போய்விட்டாள். தன் அறைக் கட்டிலில் கிடந்தபோதுதான், அம்மா அந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்வாள் எனத் தான் காத்திருந்தது அவளுக்கே புரிந்தது. பெரிய மனசோடு 'வேண்டாம்மா' என்று மறுக்கக்கூட அவள் தயாராக இருந்தாள். அந்த வாய்ப்பைக்கூட அம்மா கொடுக்கவில்லை.

குளிர்காலமும் வசந்தமும் இப்படியே போயின. பிரென்னா பீட்சாக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பீட்சா வாங்க வருகிறவர்கள், "அம்மா எப்போ போறாங்க?" என்று கேட்டார்கள். ஆகஸ்டில் என்று சொல்லிச் சில்லறை கொடுத்தாள். வீட்டில் அம்மாவும் அவளும் உப்பு, சாவி, துவைத்த துணி ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் கல்லூரியிலிருந்து திருமதி பிரூயிட் போனில் கூப்பிட்டார். ஒருவர் விலகிவிட்டாராம், இடம் வேண்டுமா என்றார். "வேணும்" என்றாள் பிரென்னா, யோசிக்காமல்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிரென்னா விஷயத்தைச் சொன்னாள். அம்மா திரும்பினாள். "ரொம்ப சந்தோஷம்டி" என்றாள். ஆனால் அந்தச் சொல் சற்றுத் தாமதமாக வந்தது. வருவதற்கு முன்னால் அவள் முகத்தில் ஒன்று ஓடி மறைந்தது. ஆறு மாதமாகக் கண்ணாடியில் தன் முகத்தில் பார்த்து வந்த அதையே பிரென்னா அங்கே கண்டாள்.

"உனக்குப் பிடிக்கல" என்றாள்.

"என்னடி பேசற."

"பிடிக்கலம்மா. பாத்தேன்."

அம்மா கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். "ஒரு நிமிஷம் பிடிக்கலதான்" என்றாள் கடைசியில். "அங்க போனா நான் யாருக்கும் அம்மா இல்ல, பொண்டாட்டி இல்ல, சும்மா ஒரு ஆளா உக்காந்து படிக்கலாம்னு நெனச்சிருந்தேன். எனக்குன்னு ஒரு இடம். இப்போ நீயும் வர்ற. என்னைவிட நல்லாப் படிப்ப. எல்லாரும் உன் மார்க்கைக் கேட்டுட்டு என் மார்க்கைக் கேப்பாங்க."

பிரென்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அம்மா முறைத்தாள், பிறகு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து ஓய்ந்ததும் பிரென்னா சொன்னாள்.

"பச்சையை வேணும்னுதான் நிக்க வெச்சேன்."

"தெரியும்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உனக்கு இடம் கிடைச்சிருக்குமா?" என்றாள் அம்மா. கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "அதோட, பழியை நான் ஏத்துக்கிட்டா எனக்கு நல்ல மார்க் விழும்னும் தெரியும்" என்றாள்.

பிரென்னா அவளையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அம்மா இப்படி ஒன்றை ஒப்புக்கொண்டு அவள் கேட்டதே இல்லை.

ஆகஸ்டில் கல்லூரிக்குப் பக்கத்தில் இருவரும் தனித்தனி அறை பிடித்துக்கொண்டார்கள்.

"வகுப்புல என்னை அம்மான்னு கூப்பிடாத" என்றாள் அம்மா, பெட்டியை இறக்கும்போது.

"பின்ன எப்படிக் கூப்பிடறது?"

"பேரைச் சொல்லு."

"அப்பா கூப்பிடற மாதிரி இருக்கும்."

"அப்போ கூப்பிடவே வேணாம். நீ பின்னாடி உக்காரு, நான் முன்னாடி உக்காந்துக்கறேன்."

முதல் தேர்வின் முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு நடக்கும்போதே வந்தது. பிரென்னா தன்னுடையதைப் பார்த்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்க்கப் போனாள். அதற்குள் அம்மாவிடமிருந்து செய்தி வந்துவிட்டது.

"எவ்வளவு?"

"நீ முதல்ல சொல்லு" என்று பதில் அனுப்பினாள்.

மூன்று வரிசைக்கு முன்னால் அம்மா குனிந்து அதைப் படித்தாள். கைபேசியைப் பைக்குள் போட்டாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு பேராசிரியர் சொல்வதைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினாள்.