வடகடலில் ஒரு நாற்காலி

எங்கள் பட்டறையிலிருந்து எந்தக் கண்டமும் தண்ணீர் பார்க்காமல் வெளியே போனதில்லை. அது என் தகப்பனார் வைத்த வழக்கம்.

பள்ளிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் மேடுபள்ளத்தோடு நிலப்படம் செய்து கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்து, பிளாஸ்டர் பூசி, மலைகளை எழுப்பி, ஆறுகளைச் செதுக்குவோம். வார்னிஷ் காய்ந்ததும், வண்ணம் அடிப்பதற்கு முன்னால், மலைகளின் தலையில் நீலம் கலந்த தண்ணீரைக் கரண்டியால் விடுவோம். அது எந்தக் கடலுக்குப் போக வேண்டுமோ அந்தக் கடலுக்குப் போக வேண்டும். போனால்தான் சட்டத்தின் அடியில் எங்கள் குடும்பப் பெயர் பொறித்த தகட்டை அறைவோம்.

இந்த முறை ஆசியா. அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்துக்கு. பட்டறையில் அதை வைத்த பிறகு மனிதர் நடக்க ஓரம்தான் மிச்சம். தெற்குப் பாதியைத் தம்பி செய்தான். வடக்குப் பாதியை மாப்பிள்ளையிடம் கொடுத்திருந்தேன்.

மாப்பிள்ளை சொந்தமாக அச்சகம் வைத்திருந்தவர். அது நொடித்துப்போய், என் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே, "மாமா, நான் இங்க வேலைக்காரனாத்தான் வர்றேன். மாப்பிள்ளைன்னு பாக்காதீங்க" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஆனால் மாப்பிள்ளையை எப்படி மாப்பிள்ளை என்று பார்க்காமல் இருப்பது? அவரை நான் ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. அவரும் என் முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

தண்ணீர் விட்ட அன்று காலை எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். கரண்டி என் கையில். நடுப் பீடபூமியில் முதல் கரண்டி. சிந்து மேற்கே வளைந்து அரபிக்கடலில் விழுந்தது. பிரம்மபுத்திரா மலைக்குப் பின்னாலேயே கிழக்கே ஓடி, மலை முடிகிற இடத்தில் சட்டென்று திரும்பி வங்கக்கடலுக்கு வந்தது. யாங்சி தன் வழியே போயிற்று. தாரிம் பாலைவனத்துக்குள் நடந்து அங்கேயே அடங்கியது. அது கடலைச் சேராத ஆறு. அதை அடங்கவிடுவதும் ஒரு வேலைதான்.

"நம்ம கை பேசும்ல?" என்று தம்பி மீசையைத் தடவினான்.

பிறகு வடக்கு. லேனா ஆறு அழகாக வடதுருவக் கடலுக்குப் போனது. அடுத்து யெனிசெய். கொஞ்ச தூரம் வடக்கே போன தண்ணீர் தயங்கி நின்று, திரும்பி, எங்களைப் பார்த்து வந்தது. ஓப் ஆற்றிலும் அதே கதை. இரண்டு பேராறுகளும் சைபீரியாவுக்கு முதுகைக் காட்டிவிட்டு, தெற்கே புல்வெளியில் வந்து குளமாகத் தேங்கின.

மாப்பிள்ளையின் முகம் பிளாஸ்டர் போல் வெளுத்தது.

மாப்பிள்ளையை நேரே கண்டிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் மகளைப் பார்த்துச் சொன்னேன்: "எந்த ஆறோ அந்தக் கடல்ல நின்னு செதுக்கணும்னு முதல் நாளே சொன்னேன். எதிர்ப்பக்கம் நின்னு இழுத்தா பிளாஸ்டர் இழுக்கறவன் பக்கம்தான் சரியும். உன் வீட்டுக்காரர் காதுல விழலையான்னு கேளு."

"விழுந்துச்சு மாமா" என்றார் அவர். "தப்பு என்னோடதுதான்."

தம்பி குறுக்கே வந்தான். "விடுண்ணே. ரெண்டு கோட்டு பச்சை பெயிண்ட் அடிச்சா முடிஞ்சுது. அருங்காட்சியகத்துல எவன் குடத்தத் தூக்கிட்டு வந்து ஊத்திப் பாக்கப் போறான்?"

"அடியில நம்ம பேர் இருக்குடா."

"அடியிலதானே இருக்கு!"

நான் முறைத்ததில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

மாப்பிள்ளை வேலைக்குப் போட்டிருந்த மேலங்கியைக் கழற்றி மடித்தார். குரல் உயரவே இல்லை. "பக்கத்து ஊர்ல ஒரு காகிதக் கடையில ஆள் கேட்டிருக்காங்க. அங்க போயிடறேன் மாமா. அச்சகத்தக் கெடுத்தேன், போகட்டும். உங்க பேரையும் கெடுக்க வேணாம்."

மகள் என்னைப் பார்த்தாள். அவர் போனால் அவளும் போவாள். அதைவிட, இன்னொரு இடத்திலும் தோற்றவராக அந்த மனிதர் படியிறங்குவார். அப்புறம் அவர் நிமிர்வது கடினம். எனக்கு அது தெரிந்தது. ஆனாலும் திரும்பி ஓடிய ஆறுகள் கண்ணிலேயே நின்றன.

"லேனாவைச் சரியாச் செஞ்ச கை, மத்த ரெண்டையும் ஏன் கோட்டை விட்டுச்சு? அத மட்டும் சொல்லச் சொல்லு" என்றேன்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மகள்தான் பொறுக்க முடியாமல் வெடித்தாள்.

"அவர் சொல்ல மாட்டார்ப்பா. நீங்க எங்க உட்காருவீங்க? அதைப் பாருங்க."

பார்த்தேன். மேசைக்கும் வடக்குச் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில், ஜன்னல் வெளிச்சத்தில், கைப்பிடி வைத்த என் நாற்காலி. காலையில் அமர்ந்தால் பட்டறை பூட்டும்வரை எழ மாட்டேன். எல்லார் வேலையும் அங்கிருந்து தெரியும். லேனாவின் முகத்துவாரம் நாற்காலியைத் தாண்டி இருந்தது. அங்கே ஒருவர் ஒடுங்கி நிற்கலாம். ஓப் ஆறும் யெனிசெய்யும் கடல் சேரும் இடம் என் முழங்காலுக்கு நேரே.

"எழுந்திருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். முதல் முறையாக அவரையே பார்த்துச் சொன்னேன்.

"உங்களப் போய் எப்படி மாமா..." என்றார்.

தம்பிக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்புதான். "சைபீரியா ஆறுங்களுக்கு அதுதானே பாடு? வசந்தத்துல தலைப்பக்கம் உருகிடும், முகத்துவாரம் ஐஸாவே கெடக்கும். வந்த தண்ணிக்குப் போக வழியில்லாம ஊரெல்லாம் சதுப்பு. இங்க அண்ணன் உட்கார்ந்திருக்காரு, அவ்வளவுதான்!"

வேறு நாளாக இருந்தால் அவனை வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். அன்று நாற்காலியையே பார்த்தேன். மரியாதை குறையாத வீடு என்றுதான் இத்தனை காலம் நிமிர்ந்து நடந்தேன். அந்த மரியாதைக்குப் பயந்து ஒருவர் எட்டாத இடத்துக்குக் கையை நீட்டி நீட்டி, தினமும் முதுகு வலியோடு வேலை செய்திருக்கிறார். நான் அதை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருவேளை மெச்சிக்கொண்டும் இருந்திருப்பேன்.

அருங்காட்சியக அதிகாரிக்கு எல்லோர் முன்னிலையிலும் போன் செய்தேன். "சொன்ன நாள்ல தர முடியாதும்மா. வடக்குப் பக்கத்தப் பிரிச்சு மறுபடி செய்யணும்."

"உங்க பட்டறையிலயா ஐயா? என்ன ஆச்சு?" அந்த அம்மாளுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"வேலை செய்ய விடாம நான் குறுக்கே இருந்துட்டேன்" என்றேன். அப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில்லை. சொல்லி முடித்தபின் வீடு இடிந்து விழவில்லை. மாப்பிள்ளைதான் மடித்த மேலங்கியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைக்கெல்லாம் அப்புறம் போகலாம். முதல்ல இந்த ரெண்டு ஆறும் கடலுக்குப் போகட்டும். செஞ்சவர்தான் கொண்டுபோய் விடணும்" என்றேன்.

அவர் மேலங்கியை உதறி மாட்டிக்கொண்டார்.

நாற்காலியைத் தம்பி தூக்கிக்கொண்டு போனான். காய்ந்த பிளாஸ்டரை உளியால் கொத்தி எடுத்தோம். மகள் புதிதாகக் கரைத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை வடகடலில் கால் ஊன்றி நின்று, பிளாஸ்டர் இழுக்கும் தகட்டை வைத்து யெனிசெய்யைத் தன் பக்கம் இழுத்தார். இழுப்பு நன்றாக இருந்தது. நான் பக்கத்தில் நின்று, சரிவு எவ்வளவு என்று குனிந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

அவர் கை நின்றது. தொண்டையைச் செருமினார்.

"மாமா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? வெளிச்சம் மறைக்குது."

மகள் கரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். தம்பி சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தான்.

தள்ளி நின்றேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.