ஒச்சாயி அக்கா சொன்ன யோசனை

கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் எங்களுக்கு வேலை. அச்சிலிருந்து வரும் வாஷரின் ஓரத்தில் பிசிறு ஒட்டியிருக்கும். அதைக் கத்தரியால் நறுக்குவது ஒச்சாயி அக்காவும் இன்னும் ஐந்து பெண்களும். அந்த ஐந்து பேரையும் தன் ஊரிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கூட்டிவந்து சேர்த்துவிட்டதே அக்காதான். அதில் மலையம்மாள் அவள் நாத்தனார். நறுக்கியதைச் சரிபார்ப்பது நான்.

மேனேஜர் வெங்கடசுப்பிரமணியன் எங்கேயோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து சனிக்கிழமை மீட்டிங் ஆரம்பித்தார். பிரிவுக்கு ஒரு ஆள் வரவேண்டும். மனதில் பட்டதை அரைகுறையாகவாவது சொல்ல வேண்டும், யாரும் குறுக்கே பேசக் கூடாது, அவர் அப்படியே போர்டில் எழுதுவார். நறுக்கும் பிரிவுக்கு அக்கா, செக்கிங்குக்கு நான்.

மூன்று வாரம் அக்கா வாயே திறக்கவில்லை. கத்தரி பிடித்து அவள் கட்டைவிரல் புண்ணாகிப்போயிருந்தது. சாப்பிடும்போது என்னிடம் சொன்னதை அங்கேயும் சொல்லச் சொல்லி நான்தான் தொடையில் கிள்ளினேன். பெரிய புத்திசாலி நான்.

"அச்ச நல்லா இறுக்கமாச் செஞ்சா பிசிறே வராதுல்ல சார்" என்றாள்.

மேனேஜர் எழுதினார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை. ஊர்க்காரிகளிடம்கூட அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. விரல் ஆறும் என்பதற்கு மேல் அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து புது அச்சு வந்தது. வாஷர் வழவழவென்று விழுந்தது. ஆறு பேரும் ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மேனேஜர் அவர்களைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றார். மீட்டிங்கில் உங்களோடு வேலை செய்கிறவர்கள் சொன்ன யோசனைதான் என்று வேறு சொல்லித் தொலைத்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மலையம்மாள் நேராக என்னிடம் வந்தாள்.

"நம்ம பக்கமிருந்து மீட்டிங்குக்குப் போறது நீங்க ரெண்டு பேருதான. எங்க பொழப்புல மண்ணப் போட்டது நீதான பவதாரிணி?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு வேலை போகாது. அவர்கள் ஊரில் நான் குடியிருக்கவும் இல்லை. நாலு வசவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அக்காதான் அவர்கள் முகத்தில் தினமும் விழிக்க வேண்டியவள். எல்லாம் தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது.

"நான் சொல்லலக்கா."

மலையம்மாள் மெதுவாக அக்கா பக்கம் திரும்பினாள். ஒச்சாயி அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாந்தேன் சொன்னேன். வெரலு வலிச்சுச்சு, சொல்லிப்புட்டேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பஸ் வந்ததும் ஐந்து பேரும் ஏறிக்கொண்டார்கள். அக்கா ஏறவில்லை. ரோட்டைப் பார்த்தபடி அழுதுகொண்டே நின்றாள். இரண்டு எட்டு வைத்திருந்தால் அவள் பக்கத்தில் போயிருப்பேன். நான் எதிர்ப்பக்கம் கடந்துபோய் என் பஸ்ஸுக்கு நின்றேன்.