பீடத்திலிருந்து ஒரு கேள்வி

கொலோஸ்வார் நகரில் மூன்று கிறிஸ்தவ சபைப் பிள்ளைகளும் ஒரே கல்லூரியில் பிரசங்கம் படித்தார்கள். ஒரே அண்டாவிலிருந்து சூப் குடித்தார்கள். பிரசங்கத்தில் மட்டும் ஒத்துப்போனதில்லை. சீர்திருத்த சபைக்காரன் எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். லூத்தரன் எழுதிவைத்து வாசிக்கலாம். யூனிட்டேரியனோ ஒரு கேள்வி கேட்டு, கேட்பவர்கள் மனசுக்குள் யோசிக்கட்டுமென்று கொஞ்ச நேரம் சும்மா நிற்பான்.

சீர்திருத்த சபைக்காரனான சோங்கோருக்கு மனப்பாடம் தங்காது. இரண்டு ஊர்களில் போதகர் வேலைக்கான சோதனைப் பிரசங்கம் பாதியில் நின்று, சபையார் ஓட்டுப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது ஊரும் தள்ளினால் வருங்கால மாமனாரின் வாத்துப் பண்ணைதான் கதி.

"மறந்துட்டா முழிக்காதடா," என்றான் அறைத்தோழன் டெட்ரே, யூனிட்டேரியன். "எங்காளுங்க மாதிரி ஒரு கேள்வியப் போட்டுட்டு நில்லு. யோசிக்க விடுறான்னு நெனச்சுக்குவாங்க."

ஞாயிறு வந்தது. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், எல்லார் வாயிலும் புதினா மிட்டாய். மன்னிப்பு என்ற இடம்வரை குதிரைபோல் ஓடிய பிரசங்கம் சட்டென்று காணாமல் போயிற்று.

"நீங்கள் அடுத்த வீட்டாரை மன்னித்துவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டு நின்றான் சோங்கோர்.

அந்த ஊர்ப் பிரசங்க பீடத்திலிருந்து அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை?

"இல்ல!" என்று எழுந்தார் காஷ்பார் மாமா. "இந்த லுகாச் என் பிளம் மரத்த வெட்டிட்டான்!"

"கிளை என் கூரைமேல கெடந்துச்சுய்யா!" என்று மறுவரிசையிலிருந்து கத்தினார் லுகாச்.

"உன் கூரை என் நெலத்துல கெடக்கு!"

"போதகரய்யா, நீங்களே சொல்லுங்க!" என்றார்கள் பெண்கள் ஒரே குரலில்.

சோங்கோருக்கு உடம்பெல்லாம் சூடேறியது. மறந்ததையே மறந்துவிட்டான். "வேர் யார் பக்கம்?" என்றான் பீடத்திலிருந்து எட்டிக் குனிந்து.

"ரெண்டு பக்கமும்!"

"அப்போ வசந்தத்துல துளிர்க்குமே! பழம் யாருக்கு?"

ஆளுக்கொரு பதில் கத்தியதில் கோயில் அதிர்ந்தது. காது கேளாத ஆர்கன் வாசிப்பவர், "கொஞ்சம் மெதுவா," என்றார். கோபுர உச்சியில் காற்றுக்குத் திரும்பும் தகரச் சேவல் கூவியதாகச் சிலர் சொல்கிறார்கள். அது மிகை. தலையைத் திருப்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.

ஓட்டு எண்ணி முடித்து, சபை மூப்பர் வியர்வையோடு ஓடிவந்தார். "எல்லா ஓட்டும் ஒங்களுக்குத்தான்யா! காஷ்பாரும் லுகாச்சும் ஒத்துப்போனது இதான் மொதத் தடவை!"

"பிரசங்கம் அவ்வளவு பிடிச்சுதா?"

"பிரசங்கமா? பழம் யாருக்குன்னு தெரியாம உங்கள எப்படிய்யா அனுப்புறது?" மூப்பர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த ஞாயிறு என்ன கேக்கப்போறீங்க? பசுமாடு சம்பந்தமா இருந்தா, என் மச்சினனையும் இழுத்துட்டு வர்றேன்."